வஸ்தியாம்பிள்ளை மாஸ்டருக்கு மூடி வைச்ச கதை

சங்குத்துறைக்குப் புதுசா ஆர் வந்தாலும் முதல் கேக்கிற கேள்வி, ஏன் உங்கட ஊரிலை வேலி, மதில் எல்லாத்தின்ர மூலையையும் வெட்டி வாசல் வைச்சிருக்கிறியள் எண்டதுதான். ஆடு பூராதோ, கள்ளன் வரானோ எண்டு கேப்பினம். ஆடும் பூரும், கள்ளனும் வருவான், எண்டாலும் நாங்கள் அடைக்கமாட்டம். ஏனெண்டு என்னட்டைக் கேளுங்கோ. நான் சோடாக்கடை மக்தலீன், சனசமூக நிலையத்துக்குப் பக்கத்திலை இருக்கிற தகரக்கடை என்ரதான், அங்கை டாம் விளையாடின அத்தனை பேரும் நகர்த்தின காய் முழுக்க என்ர கடைச் சோடா மூடியள்தான். ஆனபடியால் இதைச் சொல்ல என்னைவிட உரித்துள்ள ஆள் ஊரிலை இல்லை. நிலையத் தலைவர் நீக்கிலாஸ் அண்ணையும் சொல்லுவார். அவர் சொன்னால் பாதிக்கதை அவரைப் பத்தித்தான் இருக்கும்.

வஸ்தியாம்பிள்ளை மாஸ்டர் ஒரு பள்ளிக்கூடத்திலையும் படிப்பிச்சவரில்லை. ஐஸ் கொம்பனியிலை கட்டி உடைச்ச மனுசன். வேலை முடிய, ஈரச் சாரத்தோடை வந்து, நிலையத்து சீமெந்து மேசையிலை கறுப்பும் வெள்ளையுமாக் கட்டம் கீறின டாம் பலகைக்கு முன்னாலை குந்தினாரெண்டால், கடலுக்குப் போறவை, மேசன்மார், ஓட்டோக்காரர், வலை பொத்துற பொம்பிளையள் எண்டு ஒவ்வொருத்தராய் வந்து எதிரிலை இருந்து தோத்துப்போட்டுப் போவினம். அவர் படிப்பிச்சது அப்பிடித்தான். ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லிக் குடுக்கிறேல்லை, தோக்கடிச்சுத் தோக்கடிச்சே ஒரு ஊரைப் பழக்கி எடுத்தவர். அவரிட்டைத் தோத்த ஆக்கள்தான் வடமாகாணப் போட்டியெல்லாத்திலையும் கேடயம் தூக்கினவை.

ஆட்டம் தெரியாத ஆக்களுக்கும் சொல்லிப்போட்டுத்தான் மிச்சத்துக்குப் போகவேணும். காய் கறுப்புக் கட்டத்திலை மட்டும்தான் நிக்கும், மூலைவாக்கிலை முன்னுக்குப் போகும், பின்னுக்கு வராது. எதிராளியின்ர காயை வெட்ட இருந்தால் வெட்டத்தான் வேணும், வெட்டாமல் விட்டால் எதிராளி உங்கட காயைத் தூக்கி, வாயாலை ஒரு ஊது ஊதி, வெளியிலை போடுவார். கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்த காய் ராசா. அதுக்கு மேலை இன்னொரு மூடி வைக்கவேணும், வைக்கிறது எதிராளி. தன்ர கையாலை தான் வைச்சால் செல்லாது, பக்கத்திலை நிண்டு விடுப்புப் பாக்கிறவை வைச்சாலும் செல்லாது. மூடி வைச்சபிறகுதான் ராசா பின்னுக்குத் திரும்பலாம். இது இந்த ஊரிலை பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் பேந்து அந்த மாதிரி ஒரு மடவேலை பாத்தவை.

மாஸ்டரின்ர மனுசி செலஸ்தீனக்கா. சலரோகம் எண்ட சீனி வருத்தம் வந்து ஒரு பாதத்தை எடுத்தபிறகு, வாசலிலை கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கிறதுதான் அவவின்ர பாடு. கலியாணம் கட்டின நாளிலையிருந்து அவைக்குள்ளை ஒரு பழக்கம், மாஸ்டர் வராமல் வாசல் படலை சாத்திறேல்லை. பொழுதுபட்டு, கோயில் மணி அடிச்சு, ஊர் செபமாலை சொல்லி முடிச்சாலும் அந்தப் படலை ஆவெண்டு திறந்து கிடக்கும். மாஸ்டர் வந்து படலையைத் தள்ளிக் கொளுவின சத்தம் கேட்டால்தான் அக்கா சோறு போடுவா. சண்டை பிடிச்சுக் கதைபேச்சில்லாத நாளிலையும் அப்பிடித்தான்.

மாஸ்டரின்ர நெஞ்சைப் படம் பிடிச்சுப் பாத்திட்டு, இனி வீட்டிலை வைச்சுப் பாருங்கோ எண்டு பெரியாஸ்பத்திரியிலை அனுப்பிவிட்டினம். ஐஸுக்குள்ளை நிண்டு நிண்டு சுவாசப்பை போட்டுது எண்டு நாங்கள் சொன்னம், பீடி எண்டு டொக்டர் சொன்னார், ரண்டும் உண்மையாத்தான் இருக்கும். வீட்டை வந்த அடுத்தநாள் காலமை, கோயில் மணி அடிக்க, மாஸ்டர் கட்டிலாலை இறங்கி முகம் கழுவக் கிணத்தடிக்கு வெளிக்கிட்டார். கிணறு நேரை இருக்குது, கால் நேரை போகேல்லை. மூலைவாக்கிலை முத்தத்தைத் தாண்டி, முருங்கையைத் தாண்டி, வேலி மூலையிலை போய் நெத்தியை முட்டிக்கொண்டு நிண்டார். அக்கா கூப்பிட்டா. கழுத்து திரும்பிச்சுது, கால் பின்னுக்கு வரேல்லை. நான் கட்டத்துக்குள்ளை நிக்கிறன் போலை கிடக்குது எண்டு மாஸ்டர் சொன்னாராம். சரி, சாரத்தை ஒழுங்காக் கட்டுங்கோ, அங்காலை பிலோமினா நிப்பாள் எண்டு அக்கா சொன்னாவாம். அந்த வீட்டிலை அண்டைக்கு நடந்த ஆச்சரியம் அவ்வளவுதான்.

அங்காலை வளவுக்காரி பிலோமினா வேலி மூலையிலை ரண்டு கிடுகைப் பிடுங்கி வழிவிட்டாள். மாஸ்டர் அவளின்ர குசினியோடை இறக்கின பத்திக்குள்ளை போய் இருந்தார், அதுக்குமேலை நகரேல்லை. பின்னேரம் நாலு ஆம்பிளையள் தூக்கிக்கொண்டு வந்து அவரின்ர கட்டிலிலை கிடத்திச்சினம். விடியப் பாத்தால் கட்டிலிலை ஆளில்லை, பாய் தலாணியோடை பிலோமினாவின்ர பத்திக்குள்ளை நல்ல நித்திரை. முன்னுக்கு வைச்ச காயைத் தூக்கிப் பின்னுக்கு வைக்கிறது கள்ள ஆட்டம், அது செல்லாது எண்டு எங்களுக்கு விளங்கிச்சுது, அதுக்குப் பிறகு ஒருத்தரும் தூக்கப் போகேல்லை. மணி அடிக்க அவர் எழும்பினார், அடுத்த வளவின்ர மூலைக்கு நடந்தார்.

அதுக்குப் பிறகு ஊர் எப்பிடிப் பழகிச்சுது எண்டு கேளுங்கோ. ஒரு வளவு ஒரு கட்டம், ஒரு நாளைக்கு ஒரு கட்டம், இடப்பக்க மூலையோ வலப்பக்க மூலையோ எண்டு மட்டும் அவருக்கு விருப்பம். எங்கை மதில் வந்து மறிச்சாலும் மனுசன் கோவிக்காமல் நெத்தியை முட்டிக்கொண்டு நிப்பார், அல்போன்ஸ் மேசன் அலவாங்கோடை ஓடிவந்து மூலையை இடிச்சு வாசல் வைப்பான், வீட்டுக்காரர் அவனுக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுப்பினம். இண்டைக்கு இஞ்சை எண்டால் நாளைக்கு ஆற்றை வீடு எண்டு பின்னேரமே கதை வெளிக்கிட்டிடும், ரண்டு வீட்டுக்காரரும் போட்டிக்கு முத்தம் கூட்டி, பாய் விரிச்சு, கூழுக்கு நண்டு வாங்கி, அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தி வைப்பினம். மாஸ்டர் வராமல் விட்ட வீட்டுக்காரர் நண்டுக்கூழைத் தாங்களே குடிச்சிட்டு வயித்தெரிச்சலோடை படுப்பினம். ஒரு காலமை அவர் கோயில் பீடத்தடியிலை வந்து நிண்டிட்டார், அண்டைக்கு ஒரு கலியாணம். சாமியார் கொஞ்சம் யோசிச்சிட்டு, மாப்பிளையையும் பொம்பிளையையும் அவருக்கு ரண்டு பக்கத்திலையும் நிப்பாட்டித் தாலி கட்டுவிச்சார். படத்திலை மாஸ்டர்தான் நடுவிலை நிக்கிறார், மப்ளரோடை.

பிரச்சினை வெள்ளைக் கட்டத்துக்காரருக்குத்தான். கறுப்பிலை வெளிக்கிட்ட காய் சாகும்வரைக்கும் கறுப்பிலைதான், ஒருநாளும் வெள்ளையை மிதியாது. ஊரிலை பாதி வீடு வெள்ளை. அந்த வீட்டுக்காரர் நீக்கிலாஸ் அண்ணையிட்டைப் போய், நாங்களும் மாஸ்டரிட்டைப் பழகினனாங்கள்தானே, எங்களுக்கு மட்டும் ஏன் இப்பிடி எண்டு கேட்டுச் சண்டை பிடிச்சவை. அவர் என்ன செய்வார், கட்டத்தை மாத்திக் கீறுவாரோ. என்ர கடையும் வெள்ளை. அத்தனை வருசமா ஒவ்வொரு பின்னேரமும் என்ர வாங்கிலை இருந்து பிளேன்ரீ குடிச்ச மனுசன், இனி ஒருநாளும் என்ர கடைக்குள்ளை காலெடுத்து வைக்கமாட்டார் எண்டு விளங்கின அண்டைக்கு, நான் சோடாப் பெட்டியளுக்குப் பின்னாலை போயிருந்து குழறினனான். பேந்து கண்ணைத் துடைச்சிட்டு, பிளேன்ரீயைப் போத்திலிலை விட்டுக்கொண்டு அவர் நிக்கிற கட்டத்துக்கு நான் போகத் துவங்கினன். நான் மனிசிதானே, எனக்குக் கட்டமில்லை.

அப்பிடிப் போய்ப் போய்த்தான் அந்தக் கூத்தைக் கண்டனான். அவர் போய் நிண்ட வீடெல்லாத்திலையும், ஒரு மரியாதைக்கு, வீட்டுக்காரர் அவரோடை ஒரு ஆட்டம் போடுவினம். போட்டுத் தோப்பினம். அவர் நல்லா இருந்த காலத்திலை ஒரு காய்க்காகச் சேட்டுக் கொலரைப் பிடிச்சுச் சண்டைக்குப் போன ஆம்பிளையள், வருத்தக்கார மனுசன், சந்தோசமாப் போகட்டும் எண்டு, காயை ஒவ்வொண்டாத் தூக்கி அவற்றை காயின்ர வாய்க்குள்ளை வைச்சுக்கொண்டிருந்தவை. பிலோமினாவின்ர மனுசன் ஒரு முழு வரிசையை வெட்டக் குடுத்திட்டு, ஐயோ மாஸ்டர், காணேல்லை எண்டு தலையிலை கைவைச்சு நடிக்கிறார். மாஸ்டர் வெட்டுவார். பிறகு மூடியளைக் குவிச்சு வைச்சிட்டுக் கடல் பக்கம் பாத்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு வெற்றிக்கும் மனுசன் கொஞ்சம் கொஞ்சமா வத்திக்கொண்டு போனார்.

ஏனெண்டால் அவர் போய்க்கொண்டிருந்தது கடலுக்கு. எங்கட ஊருக்குக் கடைசி வரிசை கடற்கரைதான், அதுக்கங்காலை கட்டமில்லை, தண்ணி. அங்கை போய்ச் சேர்ந்து, மூடி வைச்சு ராசா ஆனால்தான் அவர் திரும்பி வீட்டை வரலாம். வைக்காட்டி அங்கையே நிண்டு முடியவேண்டியதுதான். செலஸ்தீனக்காவை மத்தியானத்திலை ஓட்டோவிலை கொண்டுபோய் அவர் நிக்கிற வீட்டிலை விடுவம், ரண்டு பேரும் பக்கத்திலை பக்கத்திலை இருப்பினம், பின்னேரம் அவ வீட்டை வந்திடுவா. படலை திறந்தபடி. ஊர் ஆடெல்லாம் போய் அவவின்ர கத்தரிக்கண்டு முழுக்கத் திண்டு முடிச்சிட்டுது. நான் சாத்தப்போனால் ஏசுவா. மனுசன் என்ன, வராமலே விடப்போகுதோ எண்டு கேப்பா.

மாஸ்டர் கடற்கரைக்கு வந்து சேர்ந்த அண்டைக்கு நீக்கிலாஸ் அண்ணை பாராட்டு விழா வைச்சார். மணலிலை மேடை, பந்தல், மைக், பொன்னாடை, பட்டம். பட்டணத்திலையிருந்து ஒரு பிரதம விருந்தினரைக் காரிலை கொண்டுவந்தவை, அந்த மனுசன் தன்ர வாழ்க்கையிலை ஒரு டாம் காயைத் தொட்டும் பாத்திருக்கமாட்டார். மூடிக்குப் பதிலா, கோயில் பெட்டிக்குள்ளை கிடந்த நாட்டுக்கூத்து ராசா முடியை எடுத்துச் சரிகைத்தாள் ஒட்டி வைச்சிருந்தவை. விருந்தினர் மாஸ்டரின்ர பேரைப் பிழையாச் சொல்லி ஒரு நீட்டுப் பேச்சுப் பேசி, அந்த முடியைத் தூக்கி அவற்றை தலையிலை வைச்சார். சனம் கைதட்டிச்சுது. பேந்து எல்லாரும் மாஸ்டரின்ர காலைப் பாத்தம்.

கால் அசையேல்லை. முடி பெரிசு, அது சரிஞ்சு அவற்றை மூக்கிலை வந்து நிண்டுது. அவர் அதை மெதுவாக் கழட்டி மடியிலை வைச்சார்.

"மூடி வைக்கிறது எதிராளியெல்லோ, நீக்கிலாஸ்" எண்டார்.

நாங்கள் எல்லாரும் உங்கட எதிராளியள்தானே மாஸ்டர், இவ்வளவு நாளும் உங்களோடை விளையாடித் தோத்தனாங்கள்தானே எண்டு நீக்கிலாஸ் அண்ணை மைக்கிலையே சொன்னார். மாஸ்டர் சனத்தைச் சுத்திப் பாத்தார். அவர் கோவிச்சிருந்தாலும் பரவாயில்லை, சிரிச்சார்.

"நீங்களோ. நீங்கள் எல்லாரும் எனக்கு இரங்கிறனியள்."

அவ்வளவுதான் சொன்னவர். அந்தப் பந்தலுக்குள்ளை ஒருத்தருக்கும் நிமிந்து பாக்க முகமில்லை. பிரதம விருந்தினர் என்ன நடந்தது எண்டு விளங்காமல் வடை சாப்பிட்டுக்கொண்டு நிண்டார்.

எதிராளி எண்டு ஒரே ஒரு ஆள்தான் இருந்தது. மேடையிலையிருந்து கூப்பிட்டால் கேக்கிற தூரத்திலை, கருவாடு காயப்போடுற வளவிலை, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மீன் கீறிக்கொண்டிருந்தாள் எமில்டா. மாஸ்டர் பழக்கி எடுத்த ஆக்களிலை அவளைப்போலை ஒருத்தரும் இல்லை. அவளின்ர மனுசன் றொக், கடலுக்குப் போய்த் திரும்பாத வருசம், தீபாவளிக்கு முந்தின மாகாணப் போட்டியிலை அவளும் மாஸ்டரும் இறுதி ஆட்டத்துக்கு வந்தவை. முதல் பரிசு தையல் மெசின். ஆட்டத்தின்ர நடுவிலை மாஸ்டருக்கு ஒரு வெட்டு வந்துது, கண்பொட்டையனுக்கும் தெரியிற வெட்டு. மாஸ்டர் அதை விட்டிட்டு வேறை காயை நகர்த்தினார். பொடிச்சி பிழைக்கட்டும் எண்டு நினைச்சிருப்பார். எமில்டா கொஞ்ச நேரம் பலகையைப் பாத்தாள், அவற்றை முகத்தைப் பாத்தாள். வெட்டாத காயைத் தூக்கினாள். ஊதேல்லை. அதைக் கைக்குள்ளை பொத்திக்கொண்டு எழும்பி நடந்தாள், திரும்பிப் பாக்கேல்லை. மாஸ்டர் வேண்டாமெண்ட தையல் மெசினை அவளின்ர வீட்டை கொண்டுபோய்க் குடுத்தவை, அது வேலியோரத்திலை மழையிலை கிடந்து கறள் பிடிச்சுப்போட்டுது. அண்டையிலையிருந்து மாஸ்டரோடை கதைபேச்சில்லை, டாம் பலகையை அவள் தொட்டதுமில்லை. ஆட்டம் அந்த இடத்திலையே நிக்குது.

விழா முடிஞ்சு, பந்தல் கழட்டி, வாடைக்காத்து துவங்கீட்டுது. கடற்கரையிலை படங்குகட்டி அதுக்குள்ளை மாஸ்டரை வைச்சிருந்தம். மழை சரிவா அடிக்குது, இருமல் நிக்குதில்லை, சாப்பாடு இறங்குதில்லை. எங்களிலை ஒவ்வொருத்தராய் எமில்டாவிட்டைப் போனம். பாவமெல்லோ, சாகப்போற மனுசனெல்லோ எண்டு கெஞ்சினம். பாவம் எண்ட சொல்லைக் கேட்டவுடனை அவள் கதவைச் சாத்திப்போடுவாள். நாங்களும் விசர்ச்சனம், திரும்பத் திரும்ப அந்தச் சொல்லையே கொண்டுபோய் அவளின்ர வாசலிலை வைச்சம்.

கடைசியிலை செலஸ்தீனக்கா என்னைக் கூட்டிக்கொண்டு ஓட்டோவிலை போனா. மாஸ்டரின்ர படங்கைத் தாண்டித்தான் போகவேணும், அதிலை நிப்பாட்டச் சொல்லேல்லை. எமில்டாவின்ர வாசலிலை, மழைக்குள்ளை, ஊண்டுகோலிலை நிண்டுகொண்டு கதைச்சா.

"எமில்டா, அவருக்கு இரங்கச் சொல்லி நான் வரேல்லை. அதுக்கு ஊரே நிக்குது. நீ விட்டிட்டுப் போன ஆட்டம் அங்கை கிடக்குது, வந்து முடி. என்ர படலை திறந்து கிடக்குது, பிள்ளை."

எமில்டா ஒரு பலகையை இழுத்துப் போட்டு அக்காவை இருத்தினாள். பேந்து நிலத்தைப் பாத்துக்கொண்டு சொன்னாள்.

"றொக் வராத வருசம் எல்லாரும் எனக்கு இரங்கினவை, அக்கா. அரிசி தந்தவை, சீலை தந்தவை, என்னைக் கண்டால் குரலைக் குறைச்சவை. பலகையிலை மட்டும்தான் நான் முழு ஆளா இருந்தனான். அவர் ஒருத்தர்தான் என்னோடை சண்டை பிடிச்சவர். அவரும் இரங்கிப்போட்டார்."

அக்கா அவளின்ர கையைப் பிடிச்சா. ஓம், அது பெரிய பிழைதான் எண்டு சொன்னா. மனுசனுக்காக வந்த மனுசி, மனுசன் செய்தது பிழை எண்டு சொன்னதை அண்டைக்குத்தான் நான் என்ர கண்ணாலை கண்டனான்.

அடுத்தநாள் காலமை மணி அடிக்கேக்கை எமில்டா படங்குக்குள்ளை வந்தாள். மாதாவின்ர படத்துக்குப் பின்னாலை இவ்வளவு காலமும் ஒளிச்சு வைச்சிருந்த மூடி அவளின்ர கையிலை. ஒறேஞ்பார்லிச் சோடா மூடி, என்ர கடை மூடி, விளிம்பு முழுக்கக் கறள். மாஸ்டர் அதைக் கண்டவுடனை நிமிந்து இருந்தார்.

"வெட்டாமல் விட்டது என்ர பிழை, பிள்ளை. ஊது" எண்டார்.

எமில்டா மூடியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய் ஊதினாள். அண்டைக்கு ஊதியிருக்கவேண்டிய ஊது. கறளும் தூசியும் பறந்துது, அவள் குழறத் துவங்கீட்டாள், குழறிக்குழறியே அந்த மூடியை அவற்றை கம்பளித் தொப்பிக்கு மேலை வைச்சாள். மாஸ்டர் எழும்பினார். கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். மூலைவாக்கிலை, பின்னுக்கு, எமில்டாவின்ர கருவாட்டு வளவுக்குள்ளை ஒரு கட்டம் நடந்தார். நாங்கள் கைதட்டேல்லை. கூடாது எண்டு இந்தமுறை விளங்கிச்சுது.

ராசாவெண்டால் ஒரே பாய்ச்சலிலை எத்தனை கட்டமும் போகலாம், எங்கட ஊர் ஆட்டத்திலை அப்பிடித்தான். மாஸ்டருக்கு அதுக்கு மூச்சில்லை. ஒரு நாளைக்கு ஒரு கட்டம்தான் வந்தார், எமில்டாவின்ர வளவைத் தாண்டினபிறகு, போகேக்கை நிண்ட அதே வீடுகளுக்குள்ளாலை, அதே மூலை வாசலுகளாலை. எமில்டா பலகையைக் காவிக்கொண்டு கூட வந்தாள். அண்டைக்கு விட்ட இடத்திலை எந்தக் காய் எங்கை நிண்டது எண்டு ரண்டுபேருக்கும் ஒரு மூடி பிசகாமல் ஞாபகம் இருந்துது, அதிலையிருந்து பிடிச்சவை. போற போற வீட்டிலை அவருக்கு மூச்சிருக்கிற அளவுக்கு ஒரு நகர்த்தலோ ரண்டு நகர்த்தலோ. என்ன ஆட்டம் அது. அவள் ஒரு காய் விட்டுக் குடுக்கேல்லை. இருமலிலை அவற்றை கை தவறி மூடி விழுந்தால், பொறுத்திருந்து, எடுத்துக் குடுத்திட்டு, அடுத்த நகர்த்தலிலை வெட்டுவாள். இரக்கமில்லாத சென்மம் எண்டு நாங்கள் பின்னாலை நிண்டு திட்டினம். மாஸ்டரோ, முகத்திலை ரத்தம் ஊறி, கண் மினுங்கி, அடி பிள்ளை, அதைக் கண்டிட்டியோ எண்டு தொடையிலை தட்டிச் சிரிக்கிறார். வத்தின மனுசன் நனைஞ்ச கொட்டைமாதிரி ஊதிக்கொண்டு வாறார். செலஸ்தீனக்கா இனி நான் போய்ப் பாக்கமாட்டன், அவர் வரட்டும் எண்டு வீட்டிலையே இருந்திட்டா. கத்தரிக்கண்டும் புதுசா நட்டா.

பிலோமினாவின்ர பத்திக்கு வந்து சேர்ந்தது ஒரு சனிக்கிழமை. இன்னும் ஒரு கட்டம், அந்த வேலி மூலை, அதுக்கங்காலை அவற்றை முத்தம். வேலியாலை செலஸ்தீனக்கா சட்டி உரஞ்சிற சத்தம் கேக்குது. பலகையிலை அவருக்கு ஒரு ராசா மட்டும் மிச்சம், எமில்டாவின்ர முறை. வெட்டு வந்திட்டுது, நாங்கள் எல்லாரும் கண்டிட்டம். பிலோமினா எமில்டாவின்ர தோளிலை கைவைச்சு, வேண்டாமடி, ஒருக்கா விட்டுக் குடு, நாளைக்கு அவர் வீட்டை போகட்டும், பிறகு வெட்டலாம் எண்டு கெஞ்சினாள். நானும் விடு மோனை எண்டுதான் சொன்னன். எமில்டா ஒருத்தரையும் பாக்கேல்லை, மாஸ்டரைப் பாத்தாள். அவர் அவளைப் பாத்துக்கொண்டிருந்தார், ஒரு பொல்லாத பயத்தோடை. தோத்துப்போவன் எண்ட பயமில்லை அது. விட்டிடுவாளோ எண்ட பயம்.

எமில்டா வெட்டினாள்.

மாஸ்டர் கன நேரம் மூச்சு வாங்கினார். பேந்து கையை நீட்டி அவளின்ர கையைப் பிடிச்சுக் குலுக்கினார்.

"இண்டைக்குத்தான் நீ வெண்டனீ, பிள்ளை."

பொழுதுபட அவரைப் பாயிலை சரிச்சுவிட்டம். வேலிப்பக்கம் திரும்பிக் கிடந்துகொண்டு, நாளைக்கு என்ன கறி எண்டு கேட்டார். விளைமீன் சொதி எண்டு அங்காலையிருந்து அக்கா சொன்னா. புளி குறைச்சுவிடு, வாறன் எண்டு சொன்னார். பிறகு நித்திரையாப் போனார்.

காலமை மணி அடிச்சுது. அடிச்சு ஓய்ஞ்சுது. மாஸ்டர் எழும்பேல்லை. பிலோமினா தொட்டுப் பாத்திட்டுத் தலையிலை அடிச்சுக்கொண்டு குழறின குரல் ஊர் முழுக்கக் கேட்டுது. சிலபேர் எமில்டாவைப் பாத்துத் தூஷணத்தாலை ஏசிச்சினம், வெட்டிச் சாக்காட்டிப்போட்டாள் எண்டு. செலஸ்தீனக்கா வேலிக்கு அங்காலை நிண்டு, அவளை ஒருத்தரும் வாயிலை எடுக்கக்கூடாது, தூக்கிற முதல் கை அவளின்ரதா இருக்கவேணும் எண்டு சொன்னா. எமில்டா தலைமாட்டிலை பிடிச்சாள், மிச்ச ஆக்கள் சுத்திப் பிடிச்சினம், அந்த வேலி மூலையாலை, முருங்கையைத் தாண்டி, முத்தத்தைத் தாண்டி, மூலைவாக்கிலை, அவர் நடந்திருக்கவேண்டிய அந்த ஒரு கட்டத்தை நாங்கள் நடந்து, அவற்றை கட்டிலிலை கொண்டுபோய்க் கிடத்தினம். கறள் மூடி அவற்றை நெத்தியிலைதான் கிடந்துது. அக்கா எடுக்கவிடேல்லை.

பிறகு எல்லாருக்கும் ஒரே யோசினை. வாயாலை ஒருத்தரும் சொல்லேல்லை, எண்டாலும் எனக்குத் தெரியும், எனக்குள்ளையும் அதுதான் ஓடிக்கொண்டிருந்துது. நாங்கள் தூக்கிக்கொண்டு வந்து இந்தக் கட்டிலிலை கிடத்தின மனுசன் விடியமுதல் எழும்பிப்போய்த் தன்ர கட்டத்திலை கிடந்ததை நாங்கள் கண்ணாலை கண்டனாங்கள். இராமுழுக்கச் செபமாலை சொன்னம், யேசுவின்ர பாடுகளைப் பாடுற பசாம் படிச்சம், தேத்தண்ணி குடிச்சம், ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் பிலோமினாவின்ர பத்தியை எட்டியெட்டிப் பாத்தம். பிலோமினா அங்கை பாயை விரிச்சு, தலாணியும் வைச்சிருந்தாள். ஆர் சொன்னது அவளுக்கு விரிக்கச்சொல்லி, ஒருத்தரும் சொல்லேல்லை.

மணி அடிச்சுது. நான்தான் முதல் ஓடினனான், இந்த வாதம் பிடிச்ச காலை வைச்சுக்கொண்டு. பத்திக்குள்ளை பாய் விரிச்சபடி கிடக்குது. வெறும் பாய். திரும்பி ஓடிவந்து பாத்தன். மாஸ்டர் நாங்கள் கிடத்தின இடத்திலையே கிடந்தார், கட்டின கை கட்டினபடி. அத்தனை நாளும் இந்தக் கட்டில் வெறுமையாக் கிடக்கக்கூடாது, இவர் இதிலை நிண்டுபிடிக்கவேணும் எண்டு கும்பிட்ட ஊர், அண்டைக்கு அது வெறுமையாக் கிடந்திருந்தால் சந்தோசத்திலை கூத்தாடியிருக்கும். ஆம்பிளையள் பொம்பிளையள் எண்டு பாராமல் எல்லாரும் நிலத்திலை விழுந்து குழறிச்சினம். மழைக்குள்ளை எமில்டா கிணத்தடியிலை தனிய நிண்டாள்.

செலஸ்தீனக்கா மட்டும் அழேல்லை. கதிரையைக் கட்டிலுக்குக் கிட்ட இழுத்துப் போட்டு, அவற்றை சேட்டுக் கொலரைச் சரிசெய்துவிட்டா. பிறகு என்னைத் திரும்பிப் பாத்தா.

"மக்தலீன், போய்ப் படலையைச் சாத்திவிடு" எண்டா. "ஆள் வந்திட்டார்."